ஆபரேஷனுக்குச் சம்மதமா? கையெழுத்துப் போடுமுன் அறிய வேண்டியவை

 

இம்முறை கனமான ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டிருக்கிறோம். நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கிறார். இயந்திரத்தின் உதவியால் மூச்சு ஓடுகிறது. சிறுநீர் நின்றுவிட்டது. மருந்தின் பலத்தில்தான் இரத்த அழுத்தம் நிற்கிறது. அந்த நேரத்தில் டாக்டர் வந்து, "வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது, சம்மதமா?" என்று கேட்கிறார். நாம் என்ன பதில் சொல்வது?

நாம் டாக்டர் அல்லோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதோடு நிறுத்திவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடை நடத்தி வருகிறோம். ஆயினும் இந்தக் கேள்வி நம் முன் வந்து நின்றது. அன்று பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம். பிறகு தெரிந்தவர்களை அடுத்துக் கேட்டும், படித்த பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் செய்தும் அறிந்து கொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

நடந்த விஷயம்

நம் பெரியத்தாவுக்கு வயது 71. ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சந்தில், கடைக்கு மேல்மாடியில் நம்முடனேயே இருந்தார். முழங்கால் வலிக்கு ஒரு மஜூன் தின்று வந்தார். "இதைத் தின்றால்தான் படியேற முடிகிறது" என்பார். ஒரு வியாழக்கிழமை மஃரிபுக்குப் பின் வயிறு வலிக்கிறது என்றார். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். வலியும் சற்று அடங்கியது போலிருந்தது. மறுநாள் காலை ஆள் சோர்ந்து கிடந்தார், பேச்சுக் குழறியது. ஜும்ஆவுக்குப் போக வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அன்று மாலைக்குள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். இஷா நேரத்தில் சர்ஜன் அம்மையார் நம்மை அழைத்தார், தமிழ்ப் பெண். "அங்கிள், இரைப்பையில் ஓட்டை விழுந்திருக்கிறது. கிட்னி வேலை செய்யவில்லை. நுரையீரலும் பலவீனம். ஆபரேஷன் ஆபத்தானதுதான். செய்யாவிட்டால் பிழைக்க வழியில்லை" என்றார்.

நாம் சொன்ன பதில் இதுதான்: "கிட்னியே நின்றுபோன ஆளைக் கத்தி வைத்து ஏன் வதைக்க வேண்டும்? முதலில் கிட்னி தேறட்டும். ஜோகூர் பாருவிலிருந்து பெரிய மகன் வந்து கொண்டிருக்கிறான். அவன் வந்து சொல்லட்டும்."

அவன் வந்து சேர்ந்தபோது ஃபஜ்ரு ஆகிவிட்டது. அதற்குள் டாக்டர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். இளைய மகன் வேண்டாம் என்றான். மருமகள் வேண்டும் என்றாள். நாம் நடுவில் நின்றோம். விடிந்த பிறகே கையெழுத்தாகி ஆபரேஷன் நடந்தது. ஓட்டையை அடைத்தார்கள். டயாலிஸிஸ் செய்தார்கள். பதினாறாம் நாள் பெரியத்தா மவுத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

முன்னிரவே கையெழுத்துப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அந்த அம்மையாரையே பிற்பாடு கேட்டோம். "அதை நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது அங்கிள்" என்றார். அஜல் அல்லாஹ்வின் கையில் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரவில் நம் கையில் இருந்தது பேனா. அதை ஏன் கீழே வைத்திருந்தோம் என்ற கேள்விக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கிட்னி நின்றதற்குக் காரணம் எங்கே?

நாம் செய்த பிழை யாதெனில், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்து கொண்டதுதான். கிட்னி கெட்டிருப்பதால் வயிற்று ஆபரேஷன் கூடாது என்று எண்ணினோம். உண்மையில் வயிறு கெட்டதனால்தான் கிட்னி நின்றது.

குடலுக்குள் கோடானுகோடி கிருமிகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும்வரை கேடில்லை. இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்தால், அமிலமும் கழிவும் கிருமியும் வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. உடல் அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டமே வரம்பு மீறி, இரத்தக் குழாய்கள் தளர்ந்து, அழுத்தம் இறங்குகிறது. கிட்னிக்குப் போதிய இரத்தம் போவதில்லை. நுரையீரலில் நீர் கோக்கிறது. மூளை மங்குகிறது. ஒரே வீட்டில் தீப்பிடித்துத் தெருவே எரிவது போல, ஒவ்வோர் உறுப்பாகச் சாய்கிறது.

டாக்டர்கள் இதை அளந்து பார்க்கிறார்கள். 1996இல் வெளியான ஒரு கணக்கு முறை பல நாடுகளில் வழக்கிலிருக்கிறது. சுவாசம், இரத்த ஓட்டம், கிட்னி, ஈரல், இரத்தம் உறையும் தன்மை, மூளை என்று ஆறு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 24. இந்தப் பரீட்சையில் மதிப்பெண் ஏற ஏற ஆபத்து அதிகம். ஒரு நாள் கணக்கைவிட, நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

கடைக்காரருக்கு விளங்கும்படி சொல்கிறோம். எண்ணெய் டின் ஓட்டையாகித் தரையெல்லாம் எண்ணெய். யாரும் வழுக்கி விழாமலிருக்கத் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் டின்னை அப்படியே விட்டுவிட்டுத் துடைத்துக் கொண்டேயிருந்தால் என்றைக்கு முடியும்? மூச்சு இயந்திரமும் டயாலிஸிஸும் அழுத்த மருந்தும் தரையைத் துடைக்கின்றன. ஆபரேஷன் ஓட்டையை அடைக்கிறது. முதலில் தரை காயட்டும், பிறகு டின்னைப் பார்ப்போம் என்று நாம் சொன்னோம்.

நேரத்தின் மதிப்பை டென்மார்க் நாட்டார் கணக்கிட்டிருக்கிறார்கள். அல்சர் ஓட்டைக்கு ஆபரேஷன் செய்யப்பட்ட 2,668 நோயாளிகளின் விவரத்தை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் 24 மணி நேரத்தில், ஆபரேஷன் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும் ஒவ்வொரு தடவையும், பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைந்து கொண்டே போனதாம். இதை வாசிக்கக் கேட்ட அன்று நமக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் கத்தியா?

நிற்க, இதைப் படித்துவிட்டு, வயிற்று நோய் என்றாலே உடனே திறந்துவிட வேண்டும் என்று யாரும் முடிவு கட்டலாகாது. பொறுத்திருப்பதே நலமான நோய்களும் உண்டு.

கணையம் வீங்கி அழுகும் நோய் அவற்றில் ஒன்று. இதிலும் கிட்னி, நுரையீரல் எல்லாம் சாயும். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்து அழுகலை வழித்தெடுப்பார்கள். ஹாலந்து டாக்டர்கள் 88 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு நேரே பெரிய ஆபரேஷன். மற்றப் பிரிவுக்கு முதலில் குழாய் செலுத்திச் சீழை வடிப்பது, போதாவிட்டால் மட்டும் சிறு துளை வழியே அழுகலை எடுப்பது. பெரும் கேடோ மரணமோ நேர்ந்தவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 69 பேர், இரண்டாவதில் 40 பேர். படிப்படியாகச் சென்ற இரண்டாவது பிரிவில் நூற்றுக்கு 35 பேருக்குக் குழாயே போதுமானதாயிற்று. அவசரப்படாததுதான் அங்கே மருந்து.

அதுபோலவே, ஓரிடத்தில் திரண்ட சீழ்க்கட்டியையும், வீங்கிய பித்தப்பையையும், தாங்கும் பலமில்லாத நோயாளிக்கு ஊசிக் குழாய் மூலம் வடித்துவிடப் பல சமயம் முடிகிறது.

பெரிய ஆபரேஷனையும் இரண்டு தவணையாகச் செய்வதுண்டு. முதல் தவணையில் இரத்தக் கசிவை நிறுத்தி, கெட்டதை நீக்கி, வயிற்றை முழுதும் மூடாமல் தற்காலிகமாகப் பொதிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திருப்பிவிடுவார்கள். உடல் சற்றுத் தேறியபின், ஓரிரு நாளில் மறு தவணை. ஓட்டை விழுந்த கப்பலை நடுக்கடலில் அடைத்துக் கரை சேர்த்து, துறைமுகத்தில் செவ்வையாகப் பழுது பார்க்கும் கடற்படை வழக்கத்திலிருந்து இதற்குப் பெயரே எடுத்திருக்கிறார்கள். ஆகவே "இவ்வளவு பெரிய ஆபரேஷனை உடம்பு தாங்குமா?" என்று கேட்பதோடு, "சுருக்கமாக முடிக்க வழியுண்டா?" என்றும் கேட்கலாம்.

இனி, ஆபரேஷனால் பயனில்லாத நிலையும் உண்டு. இரத்த ஓட்டம் அற்றுச் சிறுகுடல் முழுவதும் கருகிப் போயிருந்தால் தைக்க ஒன்றுமில்லை. தீராத நோயால் பல மாதமாகப் படுக்கையில் தேய்ந்து வந்தவருக்கு ஓட்டையை அடைத்தாலும் உடல் மீளாது. அங்கே, வலியில்லாமல் வைத்துப் பக்கத்தில் இருப்பதே நல்ல சிகிச்சை. "ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று கோபிக்கலாகாது. வேண்டாம் என்பதும் யோசித்துச் செய்த வைத்தியமே.

ஊரறிந்த ஓர் உதாரணம்

நம் வயதுடையவர்கள் பலரும் கேட்டறிந்த சம்பவம் ஒன்று. 1982ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் பெங்களூரில் 'கூலி' படப்பிடிப்பு. இக்பால் என்ற சுமைகூலித் தொழிலாளியாக நடித்த அமிதாப் பச்சனுக்குச் சண்டைக் காட்சியில் வயிற்றில் அடிபட்டது. வெளியே பெரிய காயமில்லை; உள்ளே குடல் கிழிந்திருந்தது. பெங்களூரில் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு நிலைமை மோசமாகி, விமானத்தில் பம்பாய் பிரீச் கேண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் மீண்டும் வயிற்றில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப்பின் சில நிமிஷங்கள் உயிர் போன நிலையிலேயே கிடந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். டாக்டர் உத்வாடியா கடைசி முயற்சியாக ஊசிமேல் ஊசி செலுத்த, கால் விரல் அசைந்ததை மனைவி கண்டாராம். செப்டம்பர் 24ஆம் தேதி வீடு திரும்பினார்.

இதில் நமக்குப் பாடம் மூன்று. வெளியே காயமில்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று கொள்ளலாகாது. முதல் ஆபரேஷனுக்குப் பின் உடல் மேலும் சாய்ந்தால், "இன்னொரு தடவையா!" என்று மலைக்காமல் காரணம் தேட வேண்டும், சில சமயம் இரண்டாம் முறை திறப்பதே வழி. மூன்றாவது, பிழைத்ததோடு கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. அப்போது ஏற்றிய இரத்தத்தின் மூலம் ஹெபடைடிஸ் பி கிருமி புகுந்து, ஈரலில் முக்கால் பங்கு கெட்டுப் போனது பல வருஷத்துக்குப் பின் தெரிய வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. அன்று அவருக்கு வயது 39, திடகாத்திரமான சரீரம். 'அவர் பிழைத்தாரே' என்று 80 வயது நோயாளிக்கு அதே கணக்கைப் போட முடியாது. நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆள் எப்படியிருந்தார், தானே குளித்தாரா, பள்ளிவாசலுக்கு நடந்தாரா என்று டாக்டர்கள் கேட்பது இதற்காகத்தான். அதற்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

தீர்மானிப்பவர் யார்?

நம் நாட்டில் 18 வயது நிறைந்து, சுயநினைவோடு இருப்பவரின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே சம்மதம். மகனோ மருமகனோ குறுக்கிட முடியாது. நினைவில்லாதவருக்குக் குடும்பத்தாரைக் கலந்து பேசுகிறார்கள். உயிர் போகும் அவசரத்தில் யாரும் கிடைக்காவிட்டால், ஆபரேஷன் செய்யும் சர்ஜனும் இன்னொரு டாக்டரும் ஒருமித்து, அவசியம் என்று கையெழுத்திட்டுச் செய்யலாம் என மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி கூறுகிறது. ஆபத்துகளை விளங்கச் சொல்வதும் டாக்டரின் கடமை. நோயாளி தீர்மானிப்பதற்கு அவசியமான அபாயங்களை எடுத்துரைக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் இறுதியில் நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கேள்வி கேட்பது அவமரியாதை ஆகாது; நமக்குள்ள உரிமை அது.

மார்க்க விளக்கம் வேண்டுவோருக்கும் வழி தெளிவாயிருக்கிறது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992 மே மாதம் ஜித்தாவில் கூடி மருத்துவம் பற்றித் தீர்மானம் செய்தது. அதன் கருத்து வருமாறு: சிகிச்சையை விட்டால் உயிரோ உறுப்போ போகும் என்றால் சிகிச்சை கடமையாகிறது. அறிவும் வயதும் நிறைந்தவரின் அனுமதி வேண்டும். இயலாதவருக்கு வலியின் அனுமதி. உயிருக்கே ஆபத்தான அவசரத்தில் அனுமதிக்காகச் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. இனி நம்பிக்கையில்லை என்பது, டாக்டர்களின் கணிப்பையும், அந்த இடத்திலும் காலத்திலும் உள்ள வசதியையும், நோயாளியின் நிலையையும் பொறுத்தது. அந்த நிலையிலும் கவனிப்பும் வலி தணிப்பும் தொடர வேண்டும்.

சில பெரியவர்கள் ஆபரேஷனை மறுப்பதற்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்றுண்டு. குடலின் வாயை வயிற்றில் வெளியே வைத்துப் பை மாட்டிவிட்டால் தொழுகை என்னாவது என்ற கவலை. ஆலிம்களைக் கேளுங்கள். அடக்க முடியாமல் கசியும் தடங்கல் உள்ளவருக்கு, ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்தபின் உளூச் செய்து தொழ இடமுண்டு. பை பல சமயம் சில மாதத்துக்குப்பின் நீக்கப்படுவதும் உண்டு. இந்தக் கவலையால் உயிரை விட வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

அந்த இரவில் நாம் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பிழைப்பாரா?" அதற்கு யாராலும் பதில் சொல்ல இயலாது. பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக் கொள்ளுங்கள்.

1. மற்ற உறுப்புகள் சாய்வதற்குக் காரணம் வயிற்றில் இருக்கிறதா? எவ்வளவு நிச்சயம்?

2. அது ஆபரேஷனால் சரியாகக் கூடியதா? குழாய் போட்டு வடித்தால் போதுமா?

3. எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம்? காத்திருந்தால் லாபம் என்ன, நஷ்டம் என்ன?

4. ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், அதன்பின் எப்படிப்பட்ட வாழ்க்கை? நடப்பாரா, நம்மை அறிவாரா, காலமெல்லாம் டயாலிஸிஸ் வேண்டுமா?

5. செய்தும் தேறாவிட்டால், எத்தனை நாள் பார்த்து, அடுத்தது என்ன என்று பேசுவது?

6. ஆபரேஷன் வேண்டாம் என்றால், வலியில்லாமல் வைத்துக் கொள்ள என்ன செய்வீர்கள்?

இவற்றுக்குப் பதில் கிடைத்தபின் மனம் தானாகத் தெளியும். "இவர் எழுந்து பேசக் கூடுமானால் நம்மிடம் என்ன சொல்வார்?" என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நம் ஆசையையும் பயத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய விருப்பத்தையே சொல்ல வேண்டும்.

வீட்டிலும் கடையிலும் செய்ய வேண்டியது

ஆஸ்பத்திரி வராந்தாவில் தொடங்க வேண்டிய பேச்சல்ல இது. பெரியவர் நலமாயிருக்கும்போதே, ஒரு பெருநாள் பகலில் சாப்பிட்டபின் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அபசகுனம் என்று நினைக்க வேண்டாம். வஸிய்யத்து எழுதுவதை நாம் அபசகுனம் என்றா சொல்கிறோம்? டாக்டரிடம் பேசக் குடும்பத்தில் ஒருவரை நியமியுங்கள். மற்றவர்கள் அவரிடம் சொல்லட்டும். வெளியூரில் இருப்பவரைப் போனில் பேசவைத்து முடிவெடுங்கள். அவர் காரில் வந்து சேரும்வரை நோய் காத்திராது. ஊரிலிருந்து வந்து நம் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளின் வீட்டுப் போன் நம்பர் கல்லாப்பெட்டியில் இருக்கட்டும். அவர்களுக்கு இங்கே நாம்தான் பக்கத்து உறவு.

கடைசியாக அந்த மஜூனைப் பற்றி. பதிவில்லாத மூட்டு வலி மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இரகசியமாகக் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. அது வலியை உடனே அடக்கும். வலி மாத்திரைகளோடு சேரும்போது இரைப்பையில் புண் உண்டாகி ஓட்டை விழும் ஆபத்து பெருகும். ஓட்டை விழுந்த பின்னும் வலியையும் காய்ச்சலையும் மறைத்து, 'வாயுதான்' என்று நினைக்கச் செய்யும். பதிவு பெற்ற மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும்.

பெரியத்தா தின்ற டப்பாவில் இரண்டும் இல்லை. அதில் என்ன கலந்திருந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே அதுதான் காரணம் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆனால் அந்த டப்பா நம் கடையில் விற்றது. நம் கையால் எடுத்துக் கொடுத்தது. காசு வேண்டாம் பெரியத்தா என்று சொல்லிக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்த அன்றே அந்த அலமாரியைக் காலி செய்தோம். இப்போது அங்கே பேரீச்சம்பழம் இருக்கிறது. கடை வைத்திருக்கும் சகோதரர்கள் தங்கள் அலமாரியையும் ஒரு தடவை பார்த்துக் கொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.

வல்ல நாயன் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நமக்கு வேளையறிந்து முடிவெடுக்கும் தெளிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.